ஊரடங்கும் தோல் புற்றுநோயும்: ஒரு வரலாற்றுப் பார்வை

மனித உடம்பில் வரும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை உள்ளே ஒளிந்திருப்பவை. குடலில், நுரையீரலில், கருப்பையில் வருவதைக் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், படம் பிடிக்க வேண்டும். தோலில் வருவது மட்டும் வெளிப்படையாக வருகிறது. பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தால் போதும், சந்தேகமாவது தட்டிவிடும். பிறகு ஒரு சிறு சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால் விஷயம் முடிந்தது. இவ்வளவு சுலபமாகத் தெரியக்கூடிய நோய், 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு மாதங்களில் பல நாட்டு ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலிருந்து சட்டென்று குறைந்துபோனது. நோய் குறையவில்லை, பார்ப்பது நின்றது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

அடியேன் மருத்துவன் அல்ல. வேட்டி, துண்டு மொத்த வியாபாரம் செய்பவன். கடை மூடிய பிறகு புத்தகம் புரட்டும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். துணி வியாபாரிக்கும் தோல் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாம் இடுப்பில் கட்டும் வேட்டியின் பெயரிலேயே ஒரு புற்றுநோய் மருத்துவ நூல்களில் ஏறியிருக்கிறது. அதைத் தேடப்போய்த்தான் நான் இதற்குள் வந்தேன்.

புற்றுநோய்க்குக் காரணம் வெளியே இருக்கக்கூடும் என்று உலகம் முதன்முதலில் தெரிந்துகொண்டதே தோலைப் பார்த்துத்தான். 1775-ல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளுக்கு விரைப்பையின் தோலில் வரும் புண்ணைப் பற்றி எழுதினார். சின்னப் பையன்களை, ஏறக்குறைய அம்மணமாக, குறுகலான புகைபோக்கிக்குள் இறக்கிவிடுவது அக்கால வழக்கம். கரி தோலின் மடிப்புகளில் படிந்து வருஷக்கணக்கில் கிடந்து பின்னாளில் புற்றாக மாறியது. தொழிலோடு புற்றுநோயைச் சேர்த்துப் பார்த்த முதல் எழுத்து அதுதான் என்கிறார்கள். 1788-ல் அந்த வேலைக்கு எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது என்று அங்கே சட்டமும் வந்தது. சட்டத்தை யார் மதித்தார்கள் என்பது வேறு கதை.

அதே லண்டனில் 1787-ல் ஜான் ஹன்டர் என்பவர் ஒருவரின் தாடைப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கட்டியை அறுத்தெடுத்துச் சாடியில் பாதுகாத்து வைத்தார். அது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. 1968-ல் அந்தத் துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது மெலனோமா என்று உறுதியாயிற்று. நூற்று எண்பத்தோரு வருஷம் காத்திருந்த பரிசோதனை! தோலுக்கு நிறம் தரும் அணுக்களில் பிறக்கும் இந்தக் கறுப்புப் புற்றைத் தனி நோயாகப் பிரித்து 1804-ல் பாரிசில் உரையாற்றியவர் லாயெனெக். பின்னாளில் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவரும் இவரே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். காஷ்மீரில் குளிர்காலத்தில் பெரன் என்ற நீண்ட அங்கிக்குள் காங்கிரி வைத்துக்கொள்வார்கள். பிரம்புக் கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதற்குள் தணல். உட்கார்ந்திருக்கும்போது அது தொடைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே இருக்கும். அந்த இடத்துத் தோல் வருஷா வருஷம் வாடிக் கறுத்து, கடைசியில் சிலருக்குப் புற்றாகும். 1866-ல் எல்ம்ஸ்லி என்ற மிஷன் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். அவருக்குப் பின் ஸ்ரீநகர் மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த நீவ் சகோதரர்கள் பல ஆண்டுகள் இதே நோயாளிகளைப் பார்த்து எழுதிவைத்தார்கள். மேல்நாட்டில் வெயில் படும் முகத்திலும் கழுத்திலும் வருகிற நோய், இங்கே துணிக்குள் மூடிய இடத்தில் வருகிறதே என்பதுதான் அவர்களை வியக்க வைத்தது.

இந்த மூடிய இடம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

பம்பாய் பரேலில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1941 பிப்ரவரி 28-ல் திறக்கப்பட்டது. அங்கே நோய்க்கூறியல் துறையைக் கட்டி எழுப்பியவர் வி. ஆர். கானோல்கர். அவரும் சூர்யாபாயும் சேர்ந்து 1945-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியர்களின் பழக்கவழக்கத்தோடு ஒட்டிவரும் மூன்று புதிய புற்றுநோய் வகைகளைப் பற்றியது அது. அதில் ஒன்று வேட்டிப் புற்று. வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டுகிறோம். காலையில் கட்டினால் ராத்திரி வரை அதே இடத்தில் அதே இறுக்கம். வியர்வை, தூசி, உராய்வு. முதலில் அங்கே தோல் கறுக்கும் அல்லது வெளுக்கும். பிறகு தடித்துச் செதில் விடும். அரிப்பு வரும். பத்து, இருபது, முப்பது வருஷம் கழித்து ஆறாத புண் ஒன்று உட்காரும். எல்லோருக்கும் வருவதில்லை, மிகச் சிலருக்கே வரும், பயப்பட வேண்டியதில்லை. நானே வேட்டி விற்றுப் பிழைப்பவன், வீண் பயத்தைக் கிளப்புவேனா? வேட்டி மேல் குற்றமும் இல்லை, குற்றம் இறுக்கத்தின் மேல். சேலையின் உள்பாவாடை நாடாவாலும் இதே நோய் வருவதைப் பின்னால் வந்த மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கானோல்கருக்கு இது தெரிந்தது எப்படி? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு புண். ஒரே இடத்தில் உட்கார்ந்து, பல ஊர்களிலிருந்து வந்த நோயாளிகளை வரிசையாகப் பார்த்தவருக்குத்தான் எல்லாப் புண்ணும் இடுப்பில் ஒரே கோட்டில் இருப்பது கண்ணில் பட்டது.

இன்னொரு உதாரணம். கல்கத்தாவில் டிராபிகல் மெடிசின் பள்ளியில் கே. சி. சாஹா என்ற தோல் மருத்துவர் 1983 வாக்கில் கிராமத்திலிருந்து வந்த நோயாளிகளின் உள்ளங்கை, உள்ளங்காலைப் பார்த்தார். மழைத்துளி விழுந்தாற்போலத் தோலில் புள்ளிகள், கையில் காலில் சொரசொரப்பான முண்டுகள். ஆர்சனிக் நஞ்சு என்று சந்தேகித்தார். விசாரித்தால் எல்லோரும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள். வங்காளத்தின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது இப்படித்தான் வெளியே வந்தது. அந்த முண்டுகளில் சில பின்னாளில் தோல் புற்றாக மாறும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கையைத் திருப்பிப் பார்த்தான், ஒரு பிரதேசத்தின் தண்ணீரில் இருந்த விஷம் தெரிந்தது.

ஆகப் பார்ப்பது என்பது இந்த நோயில் சாதாரண விஷயம் அல்ல. இந்தப் பின்னணியோடு 2020-க்கு வருவோம். ஆனால் அதற்கு முன் பம்பாயில் வசிக்கும் நாம் 1896-ஐத் தொடாமல் போகக்கூடாது.

அந்த ஆண்டு செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோயை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டுபிடித்தார். 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. ரயில் நிலையத்தில் பயணிகளை நிறுத்தி, அக்குளிலும் தொடைச்சந்தியிலும் நெறிகட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். பெண்களையும் விடவில்லை. வீடு புகுந்து சோதனை. விளைவு என்ன? ஜனங்கள் உடம்பை ஒளித்தார்கள், நோயாளியை ஒளித்தார்கள், பிணத்தைக்கூட ஒளித்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பே, 1896 அக்டோபரில் மில் தொழிலாளிகள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். உள்ளே போனவன் திரும்ப மாட்டான் என்ற பயம். அந்த ஆஸ்பத்திரிதான் இன்றைய கஸ்தூர்பா தொற்றுநோய் ஆஸ்பத்திரி. 2020 மார்ச்சில் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகளைச் சேர்த்ததும் அங்கேதான். அந்த மார்ச்சில் மகாராஷ்டிர அரசு கையில் எடுத்ததும் அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம். 1897-ல் அரசாங்கம் வலுக்கட்டாயமாக உடம்பைப் பார்த்தது, ஜனம் ஓடி ஒளிந்தது. 2020-ல் யார் உடம்பையும் யாரும் தொடக்கூடாது என்றானது. ஆஸ்பத்திரிப் பயம் மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது. "ஆஸ்பத்திரிக்குப் போனா கொரோனா ஒட்டிக்கும்" என்று நாம் எல்லோரும்தான் பேசிக்கொண்டோம்.

முதலில் ஊரடங்கிய பெரிய நாடு இத்தாலி. 2020 மார்ச் 10 முதல் மே தொடக்கம் வரை. ரோம் நகரில் தோல் நோய்க்கென்றே பெயர்பெற்ற ஓர் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே உள்ள மருத்துவர்கள் மெலனோமா கணக்கை எடுத்து அதே ஆண்டு வெளியிட்டார்கள். ஊரடங்குக்கு முன் ஒரு நாளைக்குச் சராசரி 2.3 பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஊரடங்கில் அது 0.6 ஆனது. திறந்த பிறகு 1.3. இங்கிலாந்தின் வடபகுதியில் மார்ச் 23-க்குப் பிறகான மூன்று மாதங்களில் கண்டுபிடிக்கப்பட்ட தோல் புற்றுநோய்கள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன.

எண்ணிக்கையைவிட முக்கியமானது தடிமன். அது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் நகரில் நோய்க்கூறியல் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970-ல் எளிமையான ஒரு அளவுமுறை சொன்னார். மெலனோமா எவ்வளவு அகலம் என்பது அவ்வளவு முக்கியமில்லை, தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே ஆளின் ஆயுளைச் சொல்லும். நுண்ணோக்கியின் கண்ணாடியில் அளவுக்கோடு வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார். அவர் பார்த்தவற்றில் 0.76 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை வெட்டியெடுத்த பிறகு திரும்பி வரவில்லை. இன்றைக்கும் நோயின் படியைத் தீர்மானிப்பதில் இந்த அளவுதான் முதலில் நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் வரை முதல் படி, இரண்டு வரை அடுத்தது, நாலைத் தாண்டினால் கடைசிப் படி. துணிக்கடையில் கஜக்கோல் பிடித்தவனுக்கு இந்த அளவு மயிரிழை. ஆனால் அதற்குள் இருப்பது ஒருவரின் வாழ்வு.

ரோம் ஆஸ்பத்திரியில் ஊரடங்குக்கு முன் இந்தத் தடிமன் சராசரி 0.88 மில்லிமீட்டர். ஊரடங்கின்போது 0.66. திறந்த பிறகு 1.96.

இந்த மூன்று எண்களையும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்குள் எல்லாருடைய கட்டியும் இரட்டிப்பாகிவிட்டது என்று படித்தால் தவறாகிவிடும். ஊரடங்கின்போது வந்தவர்கள் யார்? எதற்கும் பயப்படுகிற, அடிக்கடி மச்சத்தைக் காட்டிப் பழகிய, படித்த, பக்கத்தில் இருக்கிறவர்கள். அவர்களுடைய கட்டி சின்னதாகத்தான் இருக்கும். திறந்தவுடன் வந்தவர்கள் யார்? புண்ணாகி ரத்தம் வந்து இனித் தள்ளமுடியாது என்று ஆனவர்கள். சின்ன மச்சக்காரர்கள் இன்னும் வீட்டிலேயே இருந்தார்கள். ஆக வளர்ச்சியும் உண்டு, யார் வந்தார்கள் என்ற தேர்வும் உண்டு. வேறு சில ஊர்களில் எடுத்த கணக்குகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஆஸ்பத்திரியின் சில மாதக் கணக்கை உலகத்துக்கே பொருத்திவிடக்கூடாது என்பது என் கருத்து. ஆனால் தடித்த கட்டியோடு வந்த அந்த மனிதர்கள் நிஜம்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? இந்தியாவில் தோல் புற்று மொத்தப் புற்றுநோயில் மிகச் சிறிய பங்கு. நூற்றில் ஒன்றிரண்டுக்கு மேல் போகாது. அதனால் அதற்கென்று தனிக் கணக்கு எடுப்பார் குறைவு. ஆனால் எல்லாப் புற்றுநோய்க்கும் சேர்த்து நல்ல கணக்கு ஒன்று உண்டு. டாட்டா நினைவு மையத்தின் முயற்சியில் அமைந்த தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களின் பதிவேடுகளை ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்டார்கள். 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவான நோயாளிகள் 1,12,270 பேர். 2020-ல் அதே மூன்று மாதத்தில் 51,760 பேர். பெரிய அறுவைச் சிகிச்சை 17,120-லிருந்து 8,677. சதைப் பரிசோதனை முதலான நோய்க்கூறியல் சோதனைகள் 3,98,373-லிருந்து 2,46,616.

கழித்துப் பாருங்கள், புதிய நோயாளிகளில் மட்டும் 60,510 பேர் குறைவு. என் பேரேட்டில் ஏப்ரல் மாதம் விற்பனை சைபர் என்று இருக்கிறது. அதற்காக அந்த மாதம் ஊரில் யாருக்கும் வேட்டி தேவைப்படவில்லை என்று அர்த்தமா? அந்த 60,510 பேரும் எங்கேயோ இருந்தார்கள். நோயும் அவர்களோடு இருந்தது.

தோல் நோய் என்றே எடுத்துக்கொண்டால் தொழுநோய்க் கணக்கு நமக்கு உதவும். அதுவும் கண்ணால் பார்த்து, தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துக் கண்டுபிடிக்கிற நோய். சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தேமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2019-20-ல் நாட்டில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் 1,14,451 பேர். 2020-21-ல் 65,147. ஒரே வருஷத்தில் தொழுநோய் பாதியாகக் குறைய அது என்ன மாயமா? வீட்டு வாசலுக்கு வந்தவர்கள் வரவில்லை. கானோல்கர் புற்றுநோயோடு தொழுநோயையும் ஆராய்ந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று. ஆஸ்பத்திரிகள் மூடிக்கிடந்ததால் இப்படி ஆகவில்லை. டாட்டா நினைவு மருத்துவமனையில் 2020 மார்ச் 23-க்கும் ஏப்ரல் 30-க்கும் இடையில் மட்டும் 494 பெரிய புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அறுவைக்குப் பிறகு ஒருவர்கூட இறக்கவில்லை என்று அந்த மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். கதவு திறந்துதான் இருந்தது. வழிதான் அடைபட்டது. அந்த 41 மையங்களிலும் சிற்றூர் மையங்களைவிடப் பெருநகர மையங்களில்தான் வீழ்ச்சி அதிகம் என்று கண்டார்கள். காரணம் ஊகிக்கக் கடினமில்லை. பரேலுக்கு வருகிற நோயாளி பரேலில் இருப்பவரா? பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ரயிலில் வந்து, தர்மசாலையிலும் நடைபாதையிலும் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள். மார்ச் 22 நள்ளிரவோடு ரயில் நின்றது. வந்து சேர்ந்தவர்கள் திரும்பிப் போக முடியவில்லை, வர வேண்டியவர்கள் புறப்பட முடியவில்லை.

மும்பைக்குள்ளேயும் அதே நிலைதான். லோக்கல் ரயில் ஜூன் 15-ல் ஓடத் தொடங்கியபோது அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான். பொதுமக்களுக்கு என்று திறந்தது 2021 பிப்ரவரி 1-ல், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில். நடுவில் 2020-ன் பிற்பகுதியில் மாற்றுத்திறனாளிகளும் புற்றுநோயாளிகளும் சான்று காட்டி ஏறலாம் என்று சலுகை தந்தார்கள். நல்ல சலுகைதான், குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். புற்றுநோய் என்று சீட்டு இருந்தால் ஏறலாம். புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போகிறவனிடம் என்ன சீட்டு இருக்கும்?

எங்கள் கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதிய பெரியவர் ஒருவர், பெயர் வேண்டாம், டோம்பிவிலியில் குடியிருந்தார். அந்த மே மாதம் எல்லோரும் வீட்டோடு இருந்ததால்தானோ என்னவோ, மருமகள் கண்ணில் பட்டது. "மாமா, குதிகால்ல இது என்ன, மச்சமா, காயமா?" என்று கேட்டிருக்கிறாள். இவர், "செருப்பு கடிச்சது" என்று சொல்லிவிட்டார். பின்னர் படம் எடுத்து ஒரு டாக்டருக்கு போனில் அனுப்பினார்கள். படத்தில் கறுப்பாய் ஏதோ தெரிந்ததே ஒழிய அதன் விளிம்பு தெரியவில்லை. ரத்தம் கட்டியிருக்கும், களிம்பு போடுங்கள் என்று பதில் வந்தது. அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் படத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். டிசம்பரில்தான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது. சதைப் பரிசோதனையில் மெலனோமா. ஆழம் நாலு மில்லிமீட்டருக்கு மேல். குதிகாலை எடுத்தார்கள், தொடைச்சந்தியில் நெறியை எடுத்தார்கள். 2022 ஆடி மாதம் போய்ச் சேர்ந்தார். மே மாதமே பார்த்திருந்தால் ஆழம் எவ்வளவு இருந்திருக்கும் என்று மருமகள் என்னைக் கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது? மே மாதம் யாரும் அளக்கவில்லை.

குதிகால் என்றதும் சில அன்பர்களுக்குச் சந்தேகம் வரலாம். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் வருவதுதானே, நம் கறுப்புத் தோலுக்கு ஏது என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பாதி உண்மை. நம் தோலின் நிறம் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, அதனால்தான் நம்மிடம் இந்த நோய் குறைவு. ஆனால் வருகிறபோது வெயில் படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, பழைய தீப்புண் தழும்பு, இடுப்பில் துணி இறுகும் கோடு. பாப் மார்லி என்ற ஜமைக்கா பாடகரின் படத்தை நம் பிள்ளைகள் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். பம்பாயில் அந்தப் பனியன் விற்காத நடைபாதை இல்லை. அவர் 1981-ல் முப்பத்தாறு வயதில் இறந்தது இந்த மெலனோமாவால்தான். கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததை முதலில் பந்து விளையாடிப் பட்ட காயம் என்று நினைத்திருந்தார்கள்.

இங்கேதான் போன் வைத்தியத்தின் எல்லை தெரிகிறது. தொலைவிலிருந்து மருத்துவம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது 2020 மார்ச் 25-ல், ஊரடங்கு தொடங்கிய அதே நாள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பெரிய உதவி, மறுக்க முடியாது. என் வீட்டிலேயே பயன்பட்டது. தோல் டாக்டர்களும் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் படம் பார்த்து மருந்து எழுதினார்கள். படர்தாமரை, சொறி போன்றவற்றுக்கு அது போதும். ஆனால் இடுப்பை அவிழ்த்துக் காட்டிப் படம் எடுத்து அனுப்ப எந்தப் பாட்டி சம்மதிப்பாள்? உள்ளங்காலைத் தனக்குத்தானே எத்தனை கிழவர் பார்க்க முடியும்? புண்ணின் ஓரம் கல்லாக இருக்கிறதா, நெறிகட்டி இருக்கிறதா என்பது தொட்டால்தான் தெரியும், படத்தில் தெரியாது. டாக்டர் மேஜையில் உள்ள சின்ன உருப்பெருக்கி விளக்கை வைத்து மச்சத்தின் வரியைப் பார்க்க வேண்டும், அதுவும் போனில் நடக்காது.

சாதாரண நாளில் இந்த மூடிய இடங்களைப் பார்த்தவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தேன். வேறு நோய்க்குப் போனபோது "சட்டையைத் தூக்குங்க" என்ற டாக்டர். ஊசி போட்ட நர்ஸ். முதுகு பிடித்துவிட்டவர், எண்ணெய் தேய்த்துவிட்டவர். முடி வெட்டுகிறபோது பின்கழுத்தில் புதிதாக ஏதோ இருக்கிறதே என்று சொன்ன சலூன்காரர். இவர்கள் யாரும் தோல் புற்றைத் தேடிப் பார்க்கவில்லை. வேறு வேலையாகப் பார்த்தார்கள், கண்ணில் பட்டது. எந்த ஆஸ்பத்திரிப் புள்ளிவிவரத்திலும் ஏறாத இந்தப் பார்வைகள் எல்லாம் 2020-ல் ஒரே நாளில் நின்றுபோயின. ஊரடங்கு வேண்டாத வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது. அதன் விலையில் ஒரு பகுதி யார் கணக்கில் எழுதப்பட்டது என்பதைத்தான் பார்க்கிறேன்.

ஊரடங்கு போய், ரயில் ஓடி, ஆஸ்பத்திரி வரிசைகளும் பழையபடி நீண்டுவிட்டன. ஆனால் மூடிய இடம் மூடியபடியேதான் இருக்கிறது. 2024 நவம்பரில் வார்தா, பீகார் மருத்துவர்கள் சேர்ந்து இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். எழுபது வயதான ஒருவருக்கு இடுப்பின் வலப்பக்கத்தில், உள்பாவாடை நாடா இறுகும் இடத்தில், பதினெட்டு மாதமாக ஆறாத புண். இன்னொருவர் அறுபதுகளின் கடைசியில் இருந்தவர். உள்பாவாடை இல்லாமல் லுக்டா என்ற மராட்டியச் சேலையை நாற்பது வருஷமாக இடுப்பில் இறுக்கிக் கட்டி வந்தவர். அவருக்குப் புண் வந்து இரண்டு வருஷம். இருவருக்கும் புற்று. 1945-ல் கானோல்கர் எழுதிய அதே கோடு, அதே இடம். இரண்டாவது பெண்மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, நோய் தொடைச்சந்தியின் நெறி வரை போயிருந்தது.